உலகக் கொடி அட்டை செட்: ஆட்டிசம் உள்ள என் பொண்ணு கைல இது என்ன ஆச்சுன்னு ஒரு ரிவ்யூ

பாக்ஸ்ல 195 கார்டு. ஐநா உறுப்பு நாடு 193, அது கூட பார்வையாளரா இருக்குற வாட்டிகனும் பாலஸ்தீனமும். முன் பக்கம் கொடி மட்டும், பின் பக்கம் நாட்டோட பேர், தலைநகர், மொழி, பரப்பளவு, ஒரு குட்டி மேப். கூடவே ஒரு மணல் கடிகாரம், ஒரு க்விஸ் புக். இதே மாதிரி செட் நிறைய கம்பெனி போடறாங்க, நான் சொல்றதுல பாதிக்கு மேல எல்லா செட்டுக்கும் பொருந்தும், அதனால பிராண்டு பேர் வேண்டாம்.

யாருக்காக எழுதறேன்னு முதல்ல சொல்லிடறேன். என் பொண்ணுக்கு 9 வயசு, ஆட்டிசம். ரெண்டு மூணு வார்த்தை சேர்த்து பேசுவா, அதுக்கு மேல பேச்சு கஷ்டம். ஆனா அவ ஞாபகம் இருக்கே, அது வேற லெவல், அதை நான் பெருமைக்காக சொல்லல, நிஜமாவே பிரமிச்சுப் போய் சொல்றேன். அப்படி ஒரு குழந்தை வீட்ல இருந்து, என்ன வாங்கித் தரலாம்னு தேடிட்டு இருக்குற அப்பா அம்மாவுக்கு இந்த ரிவ்யூ உதவும். சாதாரணமா பொது அறிவுக்கு வாங்கறவங்களுக்கு வேற நல்ல ரிவ்யூ நிறைய இருக்கு.

கார்டு குவாலிட்டி நல்லா இருக்கு. மேட் ஃபினிஷ், இது ரொம்ப முக்கியம், ஏன்னா அவ கார்டை கண்ணுக்குப் பக்கத்துல ஓரமா வெச்சு லேசா ஆட்டி ஆட்டிப் பாப்பா, பளபளன்னு இருந்தா லைட் அடிச்சு கண்ணை மூடிக்குவா. முன்னாடி வெச்சிருந்த வேற ஒரு செட்டை அதனாலயே தொடவே இல்ல. இதுல கார்னர் எல்லாம் வளைவா வெட்டிருக்காங்க, குத்தாது. புதுசுல ப்ரிண்ட் வாசனை கொஞ்சம் இருந்தது, வாசனை ஒத்துக்காத குழந்தையா இருந்தா பிரிச்சு நாலு நாள் காத்துல வெச்சுட்டு கொடுங்க. கட்டம் போட்ட பாக்ஸ் இல்ல, சும்மா ஒரே குழி, அது எங்களுக்கு வசதி தான், ஏன்னு கீழ சொல்றேன்.

கலர் ப்ரிண்டுக்கு முழு மார்க். சாட், ருமேனியா ரெண்டு நாட்டுக் கொடியும் நீலம் மஞ்சள் சிவப்புன்னு நெட்டுக்குத்தா மூணு பட்டை, சாட் கொடில நீலம் கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவு தான் வித்தியாசம். பல செட்ல ரெண்டுக்கும் ஒரே நீலத்தை போட்டுடறாங்க. இதுல சரியா போட்டிருக்காங்க. எங்களுக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா தான் தெரியும். அவளுக்கு தனியா ஒண்ணைக் காட்டினாலே போதும், "சாட். ருமேனியா இல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிடுவா. அயர்லாந்தும் ஐவரி கோஸ்ட்டும் திருப்பிப் போட்ட மாதிரி இருக்குறது எல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்ல. பிரேசில் கொடில 27 நட்சத்திரமும் எண்ணற மாதிரி தெளிவா இருக்கு, அவ விரலை வெச்சு ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு எண்ணுவா. ஈரான் கொடில பட்டை ஓரத்துல அல்லாஹு அக்பர்னு 22 தடவை எழுதிருக்கும், அது மட்டும் இந்த கார்டுல கலங்கி ஒரே கோடா இருக்கு. ஆஸ்திரேலியா கொடில இருக்குற குட்டி நட்சத்திரத்துக்கு 5 முனை, மத்த எல்லாத்துக்கும் 7 முனை, அதையும் விடாம சரியா போட்டிருக்காங்க, இதை நான் கவனிச்சதே அவ அந்த குட்டி நட்சத்திரத்தை மட்டும் தடவித் தடவி "அஞ்சு"ன்னு சொன்ன அப்புறம் தான்.

இப்ப குறை. பெரிய குறையே அளவு தான். எல்லா கொடியையும் ஒரே நீள அகலத்துல அடிச்சு விட்டுட்டாங்க. இந்தோனேஷியா, மொனாக்கோ ரெண்டும் மேல சிவப்பு கீழ வெள்ளை, இந்தோனேஷியா கொடி 2க்கு 3, மொனாக்கோ 4க்கு 5, அந்த அளவு ஒண்ணு தான் ரெண்டையும் பிரிச்சுக் காட்டும். இந்த செட்ல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. சுவிட்சர்லாந்தும் வாட்டிகனும் சதுரம், அதை இழுத்து நீட்டிருக்காங்க. கத்தார் கொடி 11க்கு 28, எல்லாத்தை விடவும் நீளமானது, அதை அமுக்கி உள்ள வெச்சிருக்காங்க. நேபாளம் ஒண்ணு தான் அதோட நிஜ வடிவத்துல வெள்ளை பேக்ரவுண்டுல வந்திருக்கு. பாக்ஸ் பிரிச்ச அன்னிக்கே மொனாக்கோவை எடுத்து என் கைல வெச்சு "குட்டை, குட்டை"ன்னு சொன்னா. அது வரைக்கும் மொனாக்கோவை அவ அச்சுல ஒரே ஒரு இடத்துல தான் பாத்திருக்கணும், ஒரு பழைய அட்லஸோட கடைசிப் பக்கத்துல, நகம் அளவுக்கு ஒரு படம். அந்த நகம் அளவு படத்தோட நீளம் அகலம் அவ மனசுல அப்படியே இருந்திருக்கு.

அடுத்த குறை, பழைய தகவல். இது சாதாரண குழந்தை இருக்குற வீட்ல சின்ன விஷயம். எங்க வீட்ல அப்படி இல்ல.

மௌரிட்டானியா கொடி 2017ல மாறிடுச்சு, பச்சைக்கு மேலயும் கீழயும் ரெண்டு சிவப்புப் பட்டை சேர்த்தாங்க. கார்டுல பழைய கொடி, வெறும் பச்சையும் மஞ்சளும். ஆரம்பத்துல அவ இந்த கார்டையும் ஜமைக்கா கார்டையும் எப்பவும் ஜோடியா வெச்சிருந்தா. ஏன்னு யோசிச்சுப் பாத்தா, சிவப்பு, வெள்ளை, நீலம் மூணுமே இல்லாத கொடி அந்த பாக்ஸ்ல அந்த ரெண்டு மட்டும் தான். யாரும் சொல்லிக் கொடுக்கல. அப்புறம் டிவில ஒரு ஃபுட்பால் மேட்ச் ஓடும்போது சிவப்புப் பட்டையோட மௌரிட்டானியா கொடி வந்தது, ஓடிப் போய் கார்டை எடுத்துட்டு வந்து டிவி மேலயே வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டா, அழுகை. ரெண்டுல எது நிஜம்ங்கறது அவளுக்கு அவ்வளவு முக்கியம். கிர்கிஸ்தான் கொடியும் 2023 கடைசில மாறுச்சு, சூரியனோட கதிர் அலை அலையா இருந்ததை நேரா ஆக்கினாங்க. அந்த கார்டும் பழசு தான்.

கஜகஸ்தான் தான் பெரிய பிரச்சனை ஆச்சு. கார்டுல தலைநகர் நூர்-சுல்தான். புது அட்லஸ்ல அஸ்தானா. ரெண்டுமே அச்சுல இருக்கு, அவளைப் பொறுத்த வரைக்கும் அச்சுல இருந்தா அது உண்மை. பல நாள் அந்த கார்டை எடுப்பா, திருப்புவா, அட்லஸைப் பாப்பா, ரெண்டையும் தூக்கிப் போடுவா. என் மனைவி தான் வழி கண்டுபிடிச்சா. கார்டு பின்னாடி சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, "2019 முதல் 2022 வரை நூர்-சுல்தான், 2022ல இருந்து மறுபடி அஸ்தானா"ன்னு எழுதினா. அவ்வளவு தான், அமைதி ஆயிட்டா. வருஷம் போட்டதும் ரெண்டு உண்மைக்கும் தனித்தனியா இடம் கிடைச்சிடுச்சு. இப்ப எஸ்வாட்டினி கார்டுலயும் வடக்கு மாசிடோனியா கார்டுலயும் ஸ்டிக்கர் இருக்கு, 2018, 2019ன்னு, அது அவளே வந்து கேட்டு ஒட்டினது. எந்த நாடு எந்த வருஷம் பேர் மாத்துச்சுன்னு கேட்டா இப்ப வீட்ல அவ தான் சொல்லணும். கம்பெனிக்காரங்களுக்கு இது ஒரு யோசனையாவே சொல்றேன், கார்டுல எந்த வருஷத்து தகவல்னு ஒரு மூலைல போட்டா போதும், எங்க மாதிரி வீட்டுக்கு பெரிய உதவி.

சரி இப்ப நான் இந்த ரிவ்யூ எழுதறதுக்கே காரணமான விஷயத்துக்கு வரேன்.

கட்டம் போட்ட பாக்ஸ் இல்லாதது வசதின்னு சொன்னேன்ல. கட்டம் இல்லாததால எந்த வரிசைல வைக்கணும்னு யாரும் சொல்லல, வரிசை அவளோடது. கார்டு வந்த கொஞ்ச நாள்லயே ஹால்ல தரைல வரிசையா அடுக்க ஆரம்பிச்சா. ஏ பி சி டி வரிசை இல்ல, கண்டம் வாரியா இல்ல, கலர் வாரியா இல்ல. முதல்ல கிரீஸ். அப்புறம் ஒரு கார்டு அளவுக்கு கேப். அப்புறம் ஐஸ்லாந்து, அயர்லாந்து, அசர்பைஜான், ஆப்கானிஸ்தான், ஐக்கிய அரபு அமீரகம், அல்ஜீரியா, அர்ஜென்டினா. மறுபடி ஒரு கேப். அப்புறம் அல்பேனியா. இப்படியே சமையலறை வாசல் வரைக்கும் போகும். ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே இடத்துல அதே கேப். வாட்டிகன், வட கொரியா, ரஷ்யா மூணும் எந்த வரிசைலயும் சேராது, பாக்ஸ்லயே இருக்கும். எடுத்துக் கொடுத்தா வாங்கி திரும்ப பாக்ஸ்ல வெச்சிடுவா.

எங்களுக்கு புரிஞ்சது வரிசையோட கடைசில. அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான்னு முடியுது. என் மனைவி தான் "ஜப்பான் எதுக்கு கடைசி, ஒலிம்பிக்ஸ்ல தானே நடத்தற நாடு கடைசில வரும்"னு கேட்டா. எடுத்துப் பாத்தோம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா, 2021 ஜூலை 23. அணிவகுப்புல எப்பவும் போல கிரீஸ் முதல்ல, ரெண்டாவது அகதிகள் அணி, அவங்க ஒலிம்பிக் கொடியோட வந்தாங்க, அதுக்கு இந்த பாக்ஸ்ல கார்டு கிடையாது, அதான் அந்த முதல் கேப். அதுக்கப்புறம் நாடெல்லாம் ஜப்பானிய எழுத்து வரிசைப்படி. அர்ஜென்டினாவுக்கு அடுத்து அரூபா, அது ஐநா உறுப்பு நாடு இல்ல, அதுக்கும் கார்டு இல்ல, அது ரெண்டாவது கேப். வட கொரியா அந்த ஒலிம்பிக்ஸுக்கு வரவே இல்ல. ரஷ்ய வீரர்கள் அவங்க நாட்டுக் கொடி இல்லாம வேற கொடியோட வந்தாங்க. வாட்டிகனுக்கு அணியே கிடையாது. கடைசில, அப்போ அடுத்தடுத்து நடத்த இருந்த நாடுங்கறதால அமெரிக்கா, பிரான்ஸ், அப்புறம் ஜப்பான்.

அந்த விழா நடந்தப்ப அவளுக்கு 5 வயசு. டிவி ஓடிட்டு இருந்தது, அவ சோஃபாவுக்கு பின்னாடி நின்னு ஒரு துணியை முறுக்கிட்டு இருந்தா, பாக்கறான்னு கூட எங்களுக்கு தெரியல. அதுக்கப்புறம் அந்த விழாவை வீட்ல யாரும் திரும்ப போடல. ரெண்டு வருஷம் கழிச்சு கைல கார்டு வந்ததும் 200க்கும் மேல அணி நடந்து போன அந்த வரிசையை, இல்லாத அணிக்கு இடம் விட்டு, தரைல இறக்கி வெச்சுட்டா. நாங்க ரெண்டு பேரும் அந்த லிஸ்ட்டையும் தரையையும் மாத்தி மாத்தி பாத்துட்டு நின்னோம். என் மனைவிக்கு கண்ணுல தண்ணி. அந்த ரெண்டு வருஷமும் அவ உள்ள எவ்வளவு இருந்திருக்கு, வெளில எடுத்து வைக்க ஒரு பொருள் இல்லாம இருந்திருக்கு. எனக்கு இந்த செட்டோட மதிப்பே அது தான்.

க்விஸ் புக்கும் மணல் கடிகாரமும் பத்தி. தூக்கி பரண் மேல போட்டுடுங்க. வர்றவங்க எல்லாம் "இது எந்த நாடு, இதுக்கு தலைநகர் என்ன, சொல்லு சொல்லு"ன்னு கேப்பாங்க, அன்பா தான் கேப்பாங்க, ஆனா ஒரு கேள்விக்கு மேல போனா அவ காதைப் பொத்திக்கிட்டு உள்ள போயிடுவா. ஆட்டிசம் பத்தி ஆரம்ப காலத்துலயே விரிவா எழுதின டாக்டர் லியோ கானர், 1943ல 11 குழந்தைகளைப் பத்தி எழுதின கட்டுரைலயே இவங்களோட அபார ஞாபக சக்தியை சொல்லிருக்கார். அதைப் பாத்த பெற்றோர் பாட்டு, விலங்கு பேர், செடி பேர்னு மேல மேல திணிச்சதையும் அவரே குறிச்சு வெச்சிருக்கார். 80 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நாம அதையே பண்ணக் கூடாது. தெரிஞ்சதை ஒப்பிக்க வைக்கறது வேற, அவ எதை வெச்சிருக்கான்னு கூட உக்காந்து பாக்கறது வேற. என் பொண்ணு ஒரு ஷோ இல்ல.

இன்னொண்ணு, ஞாபகம் அபாரமா இருக்குற எல்லாரும் ஆட்டிசம் இல்ல, ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் இப்படி ஞாபகம் இருக்கும்னும் இல்ல. ஸ்டீபன் வில்ட்ஷயர்னு லண்டன் ஓவியர் ஒருத்தர் இருக்கார், ஆட்டிசம் உள்ளவர், ஹெலிகாப்டர்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்து மொத்த நகரத்தையும் மனசுல இருந்தே வரைவார். அவரைப் பத்தி படிச்சுட்டு சொந்தக்காரங்க எல்லாம் "அப்ப உங்க பொண்ணுக்கு என்ன பவர்"னு கேப்பாங்க. பவர் இருந்தா தான் குழந்தைக்கு மதிப்பா? தெரபி சென்டர்ல அவளோட ஃப்ரெண்ட் ஒரு பையன், அவனுக்கு கொடி எல்லாம் ஒண்ணும் வேண்டாம், இந்த கார்டை வெச்சு காத்து வீசிக்கிட்டா போதும் அவனுக்கு, அதுலயே அவ்வளவு சந்தோஷம். அவனுக்கும் இந்த செட் நல்ல செட் தான்.

அவ ஞாபகத்துல சந்தோஷம் மட்டும் இல்லங்கறதையும் சொல்லணும். ஜமைக்கா கார்டு கைல இருந்தப்ப ஒரு தடவை ரத்தம் எடுத்தாங்க. அன்னில இருந்து ஜமைக்கா கார்டு அவ ரூமுக்குள்ள வரக் கூடாது. கார்டைப் பாத்தா முழங்கை மடிப்பை பொத்திக்குவா. நமக்கு வலி நாளாக ஆக மங்கிப் போகும், அவளுக்கு அது நேத்து மாதிரியே இருக்கு. தெரபிஸ்ட் ஒரு நல்ல விஷயம் சொன்னாங்க, பிடிச்ச பொருளை கஷ்டமான இடத்துக்கு கொண்டு போகாதீங்க, அதுக்குன்னு தனியா வேற ஒண்ணு வைங்கன்னு. இப்ப ஆஸ்பத்திரிக்கு போனா ஒரு சாதாரண ரப்பர் வளையம் தான் எடுத்துட்டுப் போறோம். கார்டு வீட்டோட.

ஆனா அதே விஷயம் மறு பக்கமும் வேலை செய்யுது. ஒவ்வொரு கார்டுலயும் அவளுக்கு ஒரு நாள் ஒட்டிக்கிட்டு இருக்கு. லிதுவேனியா கார்டை எடுத்தா "மழை. கரண்ட் இல்ல. அப்பா டார்ச்"ம்பா, கரண்ட் போன ஒரு ராத்திரி டார்ச் அடிச்சு நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்த கார்டு அது. பூட்டான் கார்டு அவ பாட்டியோடது. பாட்டி இங்க வந்து இருந்தப்ப அந்த டிராகனைப் பாத்துட்டு "யாளி மாதிரி இருக்குடி கண்ணு"ன்னு சொல்லிருக்காங்க. இப்ப பாட்டி கூட வீடியோ கால் பேசணும்னு தோணினா பூட்டான் கார்டை கொண்டு வந்து என் போன் மேல வைப்பா. பாட்டியும் போனை எடுத்ததும் "யாளி எங்கடி கண்ணு"ன்னு தான் ஆரம்பிப்பாங்க. வாய் திறந்து "பாட்டிக்கு போன் போடு"ன்னு சொல்ல அவளுக்கு வராது, ஆனா இப்படி கேக்க வருது, அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு இந்த மாதிரி குழந்தை இருக்குற வீட்டுக்கு சொல்லவே வேண்டாம். ஸ்பீச் தெரபில படம் கொடுத்து கேக்க வைக்கற முறை இருக்கு, அதுக்கு அவங்க கொடுத்த படங்களை அவ அவ்வளவா தொடல, இதை அவளே கண்டுபிடிச்சா. தெரபிஸ்ட்டும் இப்ப கார்டை வெச்சே வேலை பண்றாங்க.

மொபைல் ஆப்ல இதே கொடி எல்லாம் இலவசமாவே இருக்கே, கார்டு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: ஆப்ல வரிசை அதோடது. அதுவா மாறும், தப்புன்னு சத்தம் போடும், நடுவுல விளம்பரம் வரும். கார்டு அவ வெச்ச இடத்துல இருக்கும். எங்க வீட்ல ஆப் ஒரு வாரம் கூட தாங்கல.

வாங்கறவங்களுக்கு சில விஷயம். பிரிச்சதும் எல்லா கார்டையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும். தகவலை ஒரு தடவை நீங்களே புது அட்லஸோட ஒத்துப் பாத்து, மாறினதுக்கு வருஷம் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டு அப்புறமா குழந்தை கைல கொடுங்க. அடுக்கி வெச்சிருக்கறதை நீங்க பெருக்கறதுக்காக கலைக்காதீங்க, கேட்டுட்டு, அவங்களையே எடுக்க விடுங்க. 3 வயசுக்கு கீழ வேண்டாம், வாயில வெச்சா ஓரம் ஊறிப் பிரியுது.

கடைசியா ஒரு குறை, இதுக்கு தான் ஒரு ஸ்டார் குறைக்கறேன். லாவோஸ் கார்டு எங்கயோ தொலைஞ்சு போச்சு. ஒரே ஒரு கார்டு மட்டும் கிடைக்குமான்னு கம்பெனிக்கு எழுதினேன், தனியா தர்றதில்ல, முழு செட் தான்னு பதில் வந்தது. நான் ப்ரிண்ட் எடுத்து அட்டைல ஒட்டிக் கொடுத்தேன், தொட்டுப் பாத்துட்டு கீழ வெச்சுட்டா, தடிமன் வேற, மேட் ஃபினிஷ் இல்ல. முழு செட்டை மறுபடி வாங்கித் தான் லாவோஸ் வந்தது. இன்னொரு 194 கார்டு இப்ப அலமாரில சும்மா இருக்கு. தொலைஞ்ச கார்டை தனியா விக்கற வசதியும், கொடியை அதோட நிஜ அளவுல அடிக்கறதும், இந்த ரெண்டை மட்டும் சரி பண்ணினா 5க்கு 5 கொடுப்பேன். இப்போதைக்கு 4. வாங்கறதா இருந்தா முதல்லயே ரெண்டு செட்டா வாங்கிடுங்க, ஒண்ணை குழந்தை கண்ல படாம எடுத்து வைங்க.